இருட்டைப் படமெடுத்த ராத்திரி

காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்த கையோடு, தேயிலைத் தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையா பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார். ஒருநாளும் எட்டிப் பார்க்காத மனுசன். அந்த அகலத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"டோரீன் டீச்சர், ராத்திரி அஞ்சாம் நம்பர் மலையில கேமரா வச்சீங்களாமே?"

"ஆமாங்க. வானத்துல ஒரு கறுப்புத் திட்டு இருக்கு, அத எடுத்தேன்."

"கறுப்புல என்னங்க இருக்கு?"

"தூசி மேகம். குறுக்க நின்னு, பின்னால இருக்கிற நட்சத்திர வெளிச்சத்த மறைக்குது. நூறு படம் எடுத்துச் சேர்த்தாத்தான் உருவம் தெரியும்."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மலையில் மரம் காணாமல் போனால் லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள்மேல் பழி போடுகிறவர், இப்போது என்னையும் விசாரிக்கிறார்.

"நீங்க பக்கத்துலயே இருந்தீங்களா?"

"இல்லைங்க. கேமராவ ஓடவிட்டுட்டு, குளிருக்குக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குள்ள படுத்துட்டேன். அதான் வினை. எங்கிருந்தோ வெளிச்சம் அடிச்சு இருபது படம் பாழாப் போச்சு. அழிக்கணும்."

"உடனே அழிச்சிருங்க டீச்சர். லொறி வெளிச்சம் விழுந்த படம் எதுக்கு?"

நான் லொறி என்று சொல்லவே இல்லை.

"சரிங்க" என்று உள்ளே போய்க் கேமராவைத் திறந்தேன். நல்ல எண்பதையும் விட்டுவிட்டு, பாழான இருபதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினேழாவதின் அடியோரத்தில் வெட்டிய மரங்கள், லொறி. விளக்கு வெளிச்சத்தை மறைத்தபடி ஒரு கறுப்பு உருவம். அகலத் தொப்பியோடு.