பதினோரு துளைகள்

ஆறு ஐம்பதுக்கு அப்பாவின் பஸ் போய்விடும். ஏழு இருபதுக்கு அம்மாவின் வேன். அம்மாவுக்கு சிறுசேரியில் ஐ.டி. வேலை, வீடு திரும்ப எட்டாகும். அப்பாவின் ஆலையில் மே மாதம் முழுக்கப் பராமரிப்பு வேலை. அவரும் ஆறரைக்கு முன்னால் வருவதில்லை. நடுவில் இருக்கும் பொழுது மொத்தமும் சஹானாவுடையது. பத்தாம் வகுப்பு முடித்த பெண் அத்தனை பொழுதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள் என்று வீட்டில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

டவுன்ஷிப் காலியாகக் கிடந்தது. இங்கே யாருக்கும் இது சொந்த ஊர் இல்லை. மதுரை, நாகர்கோவில், தஞ்சாவூர் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். பள்ளிக்கூடம் மூடியதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவரவர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். கிளம்பும்போது, போகாமல் இருக்கிற வீட்டில் சாவியைக் கொடுப்பார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். திரும்பும்போது அந்த வீட்டுக்கு ஊர்ப் பண்டம் ஏதாவது வரும்.

இந்த வருடம் போகாத வீடு சஹானாவுடையது. அவளை மட்டும் சேலத்துக்கு அனுப்பலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. அங்கே சித்தப்பா வீட்டில் தரையை உடைத்துப் போட்டிருந்தார்கள். பேச்சு அடங்கிவிட்டது.

மூன்று சாவிகள் வந்தன. கீழ்வீட்டுச் சாவி ஒன்று, எதிர் பிளாக்கிலிருந்து ஒன்று, ஸ்வாதி வீட்டுச் சாவி ஒன்று. முதல் இரண்டையும் அம்மா ஆணியில் மாட்டினாள். மூன்றாவதை சஹானா தன் மேசையில் வைத்துக்கொண்டாள்.

ஸ்வாதி வீடு அதே பிளாக்கில் இரண்டாவது மாடி. ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. திருநெல்வேலிக்குக் கிளம்பிய அன்று ஸ்வாதியின் அம்மாதான் சாவியைக் கொடுத்தாள்.

“பால்கனிக்கு மட்டும் போனா போதும்மா. உள் ரூமைச் சாத்தி வச்சிருக்கேன். ஒரே தூசி.”

பின்னால் நின்ற ஸ்வாதி விரலை ஆட்டினாள். “என் அடினியத்துக்கு மூணு நாளைக்கு ஒரு தடவைதான். அதிகமா ஊத்தினா அழுகிடும். பாசத்தைக் கொட்டிக் கொன்னுடாதே.”

“போடி.”

“அல்வா வேணுமா, வேணாமா?”

“வேணும்.”

“அப்ப சொன்னதைச் செய்.”

கார் திரும்பும் வரை ஸ்வாதியின் கை வெளியே ஆடிக்கொண்டிருந்தது.

முதல் வாரம் காலையில் மட்டும் போனாள். இரண்டாம் வாரத்தில் மாலையிலும் போகத் தொடங்கினாள். தண்ணீர் ஊற்ற ஐந்து நிமிடம் ஆகும். மிச்ச நேரம் பால்கனியில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். சவுக்குத் தோப்புக்கு மேலே கடல் ஒரு கோடாகத் தெரியும். கீழே சாலையில் ஒரு நாய் மட்டும் நடக்கும். சில சமயம் அதுவும் இருக்காது. சும்மா உட்கார்ந்திருப்பது ஒரு மாதிரியாக இருந்ததால் எழுந்து மறுபடி தண்ணீர் ஊற்றுவாள். அடினியத்துக்கும் ஊற்றினாள். அது பூத்திருந்தது. அதை மட்டும் விட மனம் வரவில்லை.

ஸ்வாதியிடமிருந்து முதலில் தினம் மெசேஜ் வந்தது. பிறகு படம் மட்டும் வந்தது. பிறகு சஹானா அனுப்பியதற்கு மறுநாள் ஒரு கட்டைவிரல் வந்தது.

பள்ளியிலிருந்து படிவமும் வந்தது. பதினொன்றாம் வகுப்பில் உயிரியலா, கணினியா என்று குறித்து வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் கொடுக்க வேண்டும். சஹானா பென்சிலால் உயிரியலுக்கு டிக் போட்டு வைத்திருந்தாள். அவளுக்குப் பிடித்தது கணினி. கடைசித் தேர்வன்று கடற்கரைக் கருங்கல் மேல் உட்கார்ந்து ஸ்வாதி சொன்னாள், தான் கால்நடை மருத்துவம் படிக்கப் போவதாக. “நீயும் பயாலஜி எடு. இல்லேன்னா வேற செக்‌ஷன். எவ பக்கத்துலயோ உக்காரணும்.” சஹானா சரி என்றாள். இன்னும் இரண்டு வருடத்துக்கு பெஞ்சு முடிவாகிவிட்டது என்று அன்று நிம்மதியாகத்தான் இருந்தது.

மீன் விற்கும் தமிழரசி எட்டரைக்கு வருவாள். சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்திலிருந்து மொபெட்டின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவாள். பிளாக்குக்கு மூன்று வீடு என்று வியாபாரம் சுருங்கியிருந்தது.

“இன்னா பாப்பா, அம்மா கெளம்பிட்டாங்களா?”

“போயிட்டாங்கக்கா. என்ன மீன்?”

“தடைக்காலம். பெரிய போட்டு எதுவும் போவல. எங்கூட்டுக்காரு சின்ன பைபரு போட்டுல போயி கொண்ணாந்தது. காரப்பொடி கீது, சங்கரா கீது.”

சங்கரா எடுத்துக்கொண்டாள். தமிழரசி படிக்கட்டின் அடியில் குந்தி அறுக்க ஆரம்பித்ததும் சஹானா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அங்க இன்னா, காக்காவ எண்ணிகினு கீறியா?”

“ரத்தம் பார்த்தா தலை சுத்தும்க்கா.”

“மேல இன்னா படிக்கப் போற?”

“பயாலஜி. உடம்பைப் பத்தி. மிருகம், மனுஷங்க எல்லாம்.”

“அறுக்கணுமா?”

“அறுக்கணும்போல.”

தமிழரசி சிரித்த சிரிப்பில் காகங்கள் எழுந்தன. “சங்கராவுக்கே மூஞ்சத் திருப்பிக்கினு நிக்கற. மாட்ட அறுக்கச்சொல்லோ இன்னா பண்ணுவ? ஓடிப் போயி கடல்ல உழுந்துருவியா?”

“என் ஃபிரண்டும் எடுக்கறா.”

“அது எடுக்கட்டும். அது மயங்கி உழப் போறதில்ல. நீதான் உழுவ.”

செவ்வாய்க்கிழமை கடற்காற்று சீக்கிரமே எழுந்தது. அன்று மத்தியானமும் சஹானா மேலே போயிருந்தாள். பால்கனியில் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே எங்கோ ஜன்னல் அடித்தது. அடுத்த காற்றில் மறுபடி அடித்தது. கண்ணாடி போய்விடும் என்று எழுந்து உள் அறைக் கதவைத் தள்ளினாள்.

ஸ்வாதியின் அறை. கொக்கி கழன்றிருந்தது. ஜன்னலை இழுத்துப் பூட்டினாள். திரும்பியபோது சுவர் வேறு மாதிரி இருந்தது.

டைம்டேபிள் இல்லை. பேட்மிண்டன் பை இல்லை. கண்ணாடி இல்லை. அவை தொங்கிய ஆணிகளும் இல்லை. பழுத்த சுண்ணாம்புச் சுவரில் ஆணி இருந்த இடமெல்லாம் புது வெள்ளையாகப் புள்ளிகள். ஒன்றில் விரலை வைத்து முகர்ந்தாள். பல் விளக்கும் பேஸ்ட்.

டவுன்ஷிப்பில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். மாற்றலாகிப் போகிறவர்கள் குவார்ட்டர்ஸை ஒப்படைப்பதற்கு முன்னால் ஆணிகளைப் பிடுங்கிவிடுவார்கள். ஆபீசிலிருந்து ஜெயக்குமார் என்பவர் நோட்டோடு வந்து சுவர் சுவராகப் பார்ப்பார். ஓட்டை இருந்தால் எழுதிக்கொள்வார். அதனால் பேஸ்ட் வைத்து அடைப்பார்கள். போன வருடம் மூன்றாவது மாடி நிதின் வீட்டில் அடைத்தது சஹானாவும் ஸ்வாதியும்தான். ஒரு டியூப் முழுக்கத் தீர்ந்தது. சஹானா விரலால் தேய்த்து மெழுகினாள். ஸ்வாதி பழைய ஸ்கூல் அடையாள அட்டையை வைத்துக் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்து மட்டமாக்கினாள். “பாரு, கொத்தனாரே தோத்துப்போவான்” என்றாள். அவளுடைய அட்டையில் ஒரு முனை உடைந்திருந்தது. இழுத்த இடத்தில் மெல்லிய கீறல் ஒன்று விழும். ஜெயக்குமாருக்கு அது தெரியவில்லை. இருவரும் வராந்தாவில் போய் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சஹானா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினோரு துளைகள். பதினொன்றிலும் அந்தக் கீறல் இருந்தது.

கூடத்துக்கு வந்தாள். கூடத்தில் எல்லாம் அப்படியே இருந்தன. காலண்டர், கடிகாரம், ஸ்வாதியும் அவள் தம்பி ஆதித்யாவும் இருக்கிற போட்டோ. பால்கனிக்குப் போகிற வழியில் தெரிகிற ஆணி ஒன்றைக்கூட அவர்கள் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்தாள். வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். வெள்ளையடிக்கும்போதும் ஆணி பிடுங்குவார்கள். ஒருவேளை பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கும். பக்கத்து அவென்யூதான், சைக்கிளில் இரண்டு நிமிடம். அம்மா எட்டு மணிக்கு வந்து, “என்னடி சாப்பிடவே இல்லை?” என்றாள். வெயில் என்றாள் சஹானா.

மறுநாள் தமிழரசி பெட்டியைத் திறந்துகொண்டே கேட்டாள். “மாடிவூட்டம்மா எப்போ வராங்கோ? அவங்க குடுத்த சட்டி சூப்பரா கீது பாப்பா. கொழம்பு வச்சா ரெண்டு நாளு கெடல.”

“என்ன சட்டி?”

“மீன் சட்டிதான். ஊருக்குப் போறதுக்கு மொத நாளு என்னக் கூப்ட்டு கையில குடுத்தாங்கோ. நானே கேட்டேன், இன்னாம்மா, பயக்கமான சட்டிய எவளாச்சும் தூக்கிக் குடுப்பாளான்னு. லாரில ஏத்தினா எப்டியும் ஒடஞ்சிடும், நீயே வச்சிக்கோன்னுட்டாங்கோ.” நிமிர்ந்து பார்த்தாள். “உனுக்குத் தெரியுமில்ல?”

“தெரியும்” என்றாள் சஹானா.

பக்கத்து அவென்யூவுக்குப் போக யாரும் லாரி வைப்பதில்லை. தள்ளுவண்டி போதும்.

தமிழரசி மீனை எடுத்துத் தலையை அறுத்தாள், வயிற்றைக் கீறினாள், குடலை எடுத்து எறிந்தாள். சஹானா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னா இன்னிக்கு மூஞ்சத் திருப்பல?”

“பழகிக்கறேன்.”

“அதான பாத்தேன். டாக்டரம்மா ரெடி” என்று தமிழரசி கையைக் கழுவினாள்.

அன்று மாலை சைக்கிளை எடுத்துக்கொண்டு சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குப் போனாள். போன கோடை முழுக்க இருவரும் அங்கேதான் இருந்தார்கள். மதில் நிழலில் உட்கார்ந்து எதையாவது கொறிப்பார்கள். டிக்கெட் பார்ப்பவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். “இன்னாம்மா, கூட வர்ற பொண்ணு வரல?”

“ஊருக்குப் போயிருக்கா.”

“வந்துரும், வந்துரும்” என்றார்.

உள்ளே அவளைத் தவிர ஒரு ஜோடிதான் இருந்தது. அவர்கள் அவளைப் பார்த்ததும் வேறு பக்கம் நகர்ந்தார்கள். பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டாள்.

ஸ்வாதியின் மீது கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ஸ்வாதி சுவரை ஒட்டி நின்று, நாக்கைக் கடித்துக்கொண்டு, அட்டையை இழுப்பது மட்டும் கண்முன் வந்தது. பதினோரு தடவை. அதற்கு ஒரு அரை மணியாவது ஆகியிருக்கும். அந்த அரை மணி சஹானா ஒரு மாடி கீழே சும்மாதான் இருந்திருப்பாள். கூப்பிட்டிருந்தால் போய் அடைத்துக் கொடுத்திருப்பாள்.

வியாழக்கிழமை காலை அடினியம் சாய்ந்திருந்தது. அடித்தண்டை அழுத்தினாள். விரல் உள்ளே போனது. பூ இன்னும் வாடவில்லை.

மாலை அப்பா படிவத்தை நீட்டினார். “கையெழுத்து போட்டுட்டேன். டிக்கைப் பேனாவால போட்டுடு. நாளைக்குத்தானே கடைசி? பயாலஜிதானே?”

“போடறேம்பா.”

“உனக்குப் புடிச்சுத்தானே எடுக்கறே?”

“ம்.”

அவர் குளிக்கப் போனார். சஹானா படிவத்தையும் பேனாவையும் சாவியையும் எடுத்துக்கொண்டு மேலே போனாள். ஸ்வாதியின் அறைத் தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. ஸ்வாதிக்குப் போன் போட்டாள். முதல் தடவை ரிங் போய் நின்றது. இரண்டாவது தடவை ஸ்வாதி எடுத்தாள்.

“ஏய் லூசு! என்னடி அதிசயமா போன்லாம் பண்றே?”

“சும்மாதான். என்ன சத்தம் அங்கே?”

“அதை ஏன் கேக்கறே. சித்தி பசங்க நாலு பேரு, ஒரே ஒரு ஃபேன். அது யாரு பக்கம் திரும்பணும்னு பஞ்சாயத்து. ஆதித்யா தோத்துட்டான், அழுதுட்டிருக்கான்.”

சஹானா சிரித்தாள். சிரிப்பு வெறும் அறையில் பெரிதாகக் கேட்டது.

“குற்றாலம் போனியா?”

“மே மாசத்துல எவ போவா? தண்ணியே இல்ல. பாறையைப் பார்த்துட்டு வரணும்.”

“அல்வா?”

“வாங்கணும்.” பிறகு அவளே கேட்டாள். “ஃபார்ம் குடுத்துட்டியா?”

“நாளைக்குக் கடைசி. நீ?”

“அப்பா பாத்துக்கறேன்னாரு.”

“பயாலஜிதானே?”

“ம். அதுல என்ன.”

சஹானா மடியில் இருந்த படிவத்தைப் பார்த்தாள். பென்சில் டிக் லேசாக அழிந்திருந்தது.

“உன் அடினியம் செத்துப்போச்சு ஸ்வாதி. தினமும் ஊத்திட்டேன்.”

“ஓ.” பிறகு உடனே சொன்னாள்: “பரவால்ல, விடு. செடிதானே.”

போன வருடம் அதன் ஒரு கிளையை ஆதித்யா ஒடித்துவிட்டான் என்று ஸ்வாதி அவனோடு ஒன்பது நாள் பேசவில்லை. நாட்களை எண்ணி வைத்திருந்தது சஹானாதான்.

“ஹலோ? இருக்கியா?”

“இருக்கேன்.”

“எங்கே இருக்கே? எக்கோ அடிக்குது.”

சஹானா தலைக்கு மேலே கையை நீட்டித் தடவினாள். பேஸ்ட் காய்ந்து கல்லாகியிருந்தது. கீறல் விரலில் தட்டுப்பட்டது.

“உன் ரூம்ல இருக்கேன். இந்தப் பதினோரு ஓட்டையையும் நீதானே அடைச்சே?”