மூன்று நாழி அரிசியும் ஒரு மஞ்சள் கோடும்

1

உள்ளதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் கண்டது மிகக் கொஞ்சம். வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்குப் போகும் காலைப் படகில், எனக்கு முன்னிருக்கையில் ஒரு பெண் கைபேசியில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தின் நடுவில் சில சொற்களின் மேல் மஞ்சள் நிறம் பூசியிருந்தது. 'மூன்று நாழி அரிசியும்' என்று மலையாளத்தில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படகு கரை சேர்ந்ததும் கூட்டத்தோடு இறங்கிப் போய்விட்டாள்.

அடுத்தவர் கைபேசியை எட்டிப் பார்ப்பது கெட்ட பழக்கம்தான். எழுதுகிறவனிடம் வேறு நல்ல பழக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். மூன்று நாழி அரிசிக்காக ஒருத்தி ஏன் அழவேண்டும் என்பது அன்று முழுக்க என்னைப் படுத்தி எடுத்தது. அவளைத் தேடிப்போய்க் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கண்ணில் தூசி என்று சொல்லியிருப்பாள், நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆகவே கேட்கவில்லை.

இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரிக்காகக் கொஞ்சம் மல்லுக்கட்டினேன்.

பிரசீதாவுக்கு மழை என்றால்—

(அடித்துவிட்டேன். கேரளத்தில் கதை நடக்கிறது என்றால் முதல் வரியிலேயே மழையைக் கொட்டும் வழக்கத்துக்கு நானும் ஏன் துணைபோக வேண்டும்?)

விவாகரத்து வழக்கில் இருவரும் பிரித்துக்கொள்ள மறந்த பொருள் ஒன்று—

(இது பரவாயில்லை. ஆனால் புத்திசாலித்தனம் துருத்திக்கொண்டு நிற்கிறது.)

சாதாரணமாகவே சொல்கிறேன். அவர்கள் இருவருக்கும் பிடித்த புத்தகத்தின் பெயர் நீர்க்கோட்டை. பழைய மாயாஜால நாவல். எழுதியவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. புத்தகம் மட்டும் சாகவில்லை. காயலுக்கு அடியில் ஒரு கோட்டை. அங்கே சிறைப்பட்ட கணவனை மீட்க ஒரு தோணிக்காரனின் மனைவி நீருக்குள் இறங்குகிறாள். கோட்டைக்கு ஏழு வாசல். ஒவ்வொரு வாசலிலும் அவள் தன்னுடைய எதையாவது விட்டுவிட்டுத்தான் உள்ளே போக முடியும். முதல் வாசலில் பெயரை விடுகிறாள், இரண்டாவதில் நிழலை.

அச்சுப் புத்தகம் தடித்த இரண்டு பாகம், தூக்கிக்கொண்டு திரிய முடியாது. எனவே நிச்சயம் முடிந்த கையோடு பிரசீதா தன் கணக்கில் மின்னூலாக வாங்கினாள். அவளும் கட்டிக்கொள்ளப்போகும் ஸனலும் இதே படகில் ஒரே கைபேசியில் தோளோடு தோள் ஒட்டி அதைப் படித்தார்கள். ஸனல் வேகமாகப் படிப்பவன். தான் முடித்ததும் கட்டைவிரலால் பக்கத்தைத் தள்ளிவிடுவான். தள்ளிய பிறகு கேட்பான்: "முடிச்சாச்சா?" எந்தப் பக்கத்தின் கடைசி இரண்டு வரியையும் பிரசீதா படித்ததே இல்லை. நாலாவது வாசல் வரை இப்படியே போனார்கள். அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டது, படிப்பது நின்றுவிட்டது.

* ஏன் பிரிந்தார்கள் என்று இந்த இடத்தில் ஒரு குறிப்பு வைக்கவேண்டும். அடித்தானா, குடித்தானா என்று கேட்பீர்கள். இரண்டும் இல்லை. பக்கத்தைத் தள்ளினான். அவளுடைய ஸ்கூட்டரை விற்றுவிட்டு வந்து, விற்கலாமா என்று கேட்டான். அரூரில் வீடு பேசி முன்பணம் கொடுத்துவிட்டுக் கேட்டான். தன் அம்மாவைப் பெட்டியோடு அழைத்துவந்து வாசலில் நிறுத்திவிட்டுக் கேட்டான். இதெல்லாம் ஒரு காரணமா என்று பிரசீதாவின் அண்ணன் கேட்டான். ஊரே கேட்டது. அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, பிரிந்து வர மட்டும் தெரிந்தது.

3

இப்போது அவள் வைக்கத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். தினமும் படகேறிச் சேர்த்தலையில் ஒரு பல் மருத்துவமனைக்கு வேலைக்குப் போகிறாள். வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக்கொடுப்பதும் பில் போடுவதும் அவள் வேலை. இருவரும் சம்மதித்து மனு கொடுத்தாகிவிட்டது. சில மாதம் கழித்து நீதிபதி முன்னால் இன்னொரு முறை நின்று சம்மதம் சொன்னால் தீர்ந்தது.

அந்த இடைவெளியில் ஒருநாள், படகில் வேறு போக்கில்லாமல் அவள் நீர்க்கோட்டையைத் திறந்தாள். திரையில் ஒரு சிறு பெட்டி வந்தது. வேறொரு கருவியில் நீங்கள் இதைவிட முன்னால் படித்திருக்கிறீர்கள், அங்கே போகலாமா? கீழே இரண்டு பொத்தான்: ஆம், இல்லை.

நாலாவது வாசலுக்கு அப்பால் அவள் படித்ததே இல்லை. அப்படியானால் அவளுடைய கணக்கு இருக்கும் இன்னொரு கருவி, அரூர் வீட்டில் விட்டு வந்த பழைய கைபேசி. அதில்தான் யாரோ படிக்கிறார்கள். யாரோ என்ன யாரோ? அந்த வீட்டில் புத்தகம் படிக்கிற ஆள் ஒருவன்தான்.

'இல்லை'யை அழுத்திவிட்டு முதலிலிருந்து படிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு நாளும் அந்தப் பெட்டி வந்தது. ஒவ்வொரு நாளும் அவன் கொஞ்சம் முன்னால் போயிருந்தான். அவளை ஆட்டிவைத்தது அவன் போன வேகம். மெதுவாக, ஒரே சீராகப் போனான். தாவவில்லை, தள்ளவில்லை. இத்தனை காலத்துக்குப் பிறகு, கூட யாரோ இருப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு மஞ்சள் வந்தது. ஒரு கருவியில் கோடிட்டால் மறு கருவியிலும் அது தெரியும் என்பது அவனுக்கும் தெரியாதா என்ன? முதலில் 'வாசல் தாழிடப்படவில்லை'. அடுத்து 'திரும்பி வந்தவளின் ஈரக்கால்'. அதற்கப்புறம்தான் 'மூன்று நாழி அரிசியும்'.

கல்யாணமான புதிதில் அளவு தெரியாமல் ஒரு பானை சோறு வடித்துவிட்டாள் அவள். ஸனல் திட்டவில்லை, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு விருந்து என்று சொல்லிப் பரிமாறினான். அதைத்தான் நினைவுபடுத்துகிறான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. படகில் அழுதது அதற்குத்தான்.

மருத்துவமனையில் உடன் வேலை செய்யும் லில்லிக்குட்டியிடம் காட்டினாள். லில்லிக்குட்டி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"மன்னிப்புக் கேக்கணும்னா ஒருத்தன் போன் பண்ணுவான்டி. அரிசிக்குக் கோடு போட்டுட்டு உக்காந்திருப்பானா?"

"உனக்கு அவரைத் தெரியாது. வாயால சொல்ல வராது அவருக்கு."

"உன் ஸ்கூட்டர விலை பேசி வித்தானே, அப்ப மட்டும் வாய் வந்துதா?"

பிரசீதா அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

(இந்த இடத்தில் எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்தது. நாள் முழுக்க மனிதர்களின் பொய்யைக் கேட்டுப் பில் போடுகிறவள் இவ்வளவு ஏமாளியா? பாத்திரத்தை மாற்றிவிடலாமா என்று இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். அப்புறம் யோசித்தேன். யாரோ ஒருவர் கடைசியாக எப்போது இணையத்தில் இருந்தார் என்று எடுத்து எடுத்துப் பார்த்து, அதிலிருந்து ஒரு முழு உறவைக் கட்டாதவர் உங்களில் யார்? அவள் இருக்கட்டும்.)

4

வழக்கு நாள் வந்தது. அவள் நல்ல சேலை உடுத்திப் படகேறினாள், தவணக்கடவில் இறங்கினாள், நீதிமன்றத்துக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டாள். படகுத்துறை பெஞ்சில் உட்கார்ந்து மூன்றாவது வாசலைப் படித்துக்கொண்டிருந்தபோது ஸனல் கூப்பிட்டான்.

"எங்க இருக்க? பேரக் கூப்பிட்டுட்டாங்க."

"ஸனலேட்டா, நான் வரல."

"வரலன்னா?"

"எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீங்க கோடு போட்டதெல்லாம் பார்த்தேன்."

"என்ன கோடு?"

"படிச்சிட்டுத்தானே இருக்கீங்க?"

"எதை?"

அவள் சிரித்தாள். அவன் வெட்கப்படுகிறான் என்று எடுத்துக்கொண்டாள்.

"பிரசீதா, உனக்கு என்ன வேணும்னு நேரா சொல்லு. லீவு போட்டுட்டு வந்து நிக்கிறேன். வக்கீல் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரு. இனி அடுத்த தேதி எப்ப குடுப்பாங்களோ." அவனே வைத்துவிட்டான்.

'எதை' என்று அவன் கேட்டதோடு கதையை முடித்துவிடலாம் என்று பார்த்தேன். சிறுகதைக்கு அது போதும். ஆனால் அவள் போதும் என்று சொல்லவில்லை. அரூர் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவன் வீடு திரும்புவதற்குள் அங்கே போய், அவன் வரும்போது கதவைத் திறப்பவளாக நிற்கவேண்டும் என்பது அவள் கணக்கு.

5

வெளிக் கதவு தாழிடப்படவில்லை. பார்த்தாயா என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

வீட்டின் பின்பக்கமிருந்து ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத, ஏற்ற இறக்கம் இல்லாத குரல். சுற்றிக்கொண்டு போனாள். சமையலறைப் படியில் ஸனலின் அம்மா விலாசினி உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்திருந்தது பழைய கைபேசி. அது தானாகவே நீர்க்கோட்டையை வாசித்துக்கொண்டிருந்தது. ஒரே சீராக, ஒரு வரி விடாமல் வாசித்தது. பக்கம் தானாகத் திரும்பியது.

"யாரது? வெயில்ல மூஞ்சி தெரியல."

"நான்தான் அம்மே."

"ஓ. அவ." விலாசினி மருமகளைப் பெயர் சொல்லி அழைத்ததே கிடையாது. "கோர்ட்டுக்குப் போகாம இங்க என்ன? அவன் இப்பத்தான் போன் பண்ணிக் கத்தினான்."

"இது... யாரு வச்சுக் குடுத்தா?"

"வேற யாரு, அவன்தான். கண்ணுல திரை விழுந்தாச்சு, டிவி தெரியல. பேச ஆளில்லாம செத்துப்போயிடுவேன்னு சொன்னேன். இதக் கேட்டுட்டு இருன்னு வச்சுட்டுப் போனான். என்ன கதைன்னு இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல."

பிரசீதா படியில் உட்கார்ந்தாள்.

"இதுல மஞ்சளா கோடு..."

"நிறுத்தணும்னா அமுக்கிப் பிடிப்பேன். குக்கர் கூவும், மீன்காரன் வருவான், என்ன செய்ய? சில நேரம் நிக்கும், சில நேரம் என்னத்தையோ பூசிக்கும். பூசினா பூசட்டும். நான் என்ன பார்க்கவா போறேன்?"

சொல்லிக்கொண்டே மீன் செதிள் ஒட்டிய கட்டைவிரலால் திரையை அழுத்தினாள். குரல் நின்றது. பிரசீதாவின் கைப்பைக்குள் இருக்கும் கைபேசியிலும் அந்நேரம் இரண்டு சொற்கள் மஞ்சளாகியிருக்கும். அவள் எடுத்துப் பார்க்கவில்லை.

"அது கிடக்கட்டும். இவ ஒவ்வொரு வாசல்லயும் ஒண்ணொண்ணா விட்டுட்டுப் போறாளே. பேரு போச்சு, நிழலு போச்சு, இப்ப குரலும் போச்சு. கடைசில அவன் இவள எதை வச்சுக் கண்டுபிடிப்பான்? நீ படிச்சவதானே, சொல்லு."

"தெரியாது அம்மே. நாங்க நாலாவது வாசலோட நிறுத்திட்டோம்."

"நாலாவதா? அங்கதானே கதையே சூடு பிடிக்குது." விலாசினி செதிள் கையை உதறினாள். "நல்ல ஜோடி. ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கதைய முழுசாக் கேக்கத் துப்பில்ல."

குரலை மறுபடி ஓடவிட்டாள். இவ்வளவு நாளும் பிரசீதாவின் கூடவே காயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தவள் இவள்தான். தட்டில் உப்புக் குறைந்ததற்கு அவளோடு மூன்று நாள் பேசாமல் இருந்து பழிவாங்கியவள். பிரசீதாவுக்கு எரிச்சல் வந்தது, அவமானம் வந்தது; அழுகை மட்டும் வரவில்லை. அதைத்தான் படகிலேயே அரிசிக்குச் செலவழித்துவிட்டாளே.

6

இனி முடிவு. எல்லா வடிவத்திலும் ஒன்று மட்டும் மாறவில்லை. அடுத்த தேதிக்கு அவள் போவாள், சம்மதம் சொல்வாள், பிரிந்துவிடுவார்கள். அதைத் தடுக்க நான் எடுத்த முயற்சி எதுவும் பலிக்கவில்லை. ஸனல் சீக்கிரம் வீடு திரும்பி அவளைப் படியில் கண்டு மனம் மாறுவதாக ஒரு பக்கம் எழுதினேன். வந்ததும் அவன், மாமியாரையும் மருமகளையும் சமாதானம் பேச வைத்துவிட்டு "முடிச்சாச்சா?" என்று கேட்டான். கிழித்துவிட்டேன்.

இரண்டாவதாக, மாமியாரும் மருமகளும் உட்கார்ந்து ஏழாவது வாசல் வரை கேட்பதாக எழுதினேன். இனிப்பு அதிகம். அதோடு அந்த நெத்திலியை யார் குழம்பு வைப்பது என்று தொடங்கி, இருட்டுவதற்குள் சண்டை வந்துவிடும்.

இப்போது இருப்பது இது. அவள் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து முன்பக்கம் வருகிறாள். வெளிக் கதவருகே நின்று கைபேசியை எடுக்கிறாள். கணக்கு அவளுடையது. அவள் நினைத்தால் இங்கிருந்தே அந்தப் பழைய கருவியை நீக்கிவிடலாம், அதோடு அங்கே புத்தகம் மறைந்துவிடும். யோசிக்காமல் நீக்கிவிடுகிறாள். பின்பக்கம் குரல் பாதி வாக்கியத்தில் நிற்கிறது. கோட்டைக்குள் போனவள் குரலும் இல்லாமல் எந்த வாசலில்—

(நான் விட்டதல்ல. அவள் வெட்டியது.)

அவள் மனம் ஒரு கணம் குளிர்ந்துபோனதை ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கும்தான்.

இதற்குமேல் என்னிடம் கேட்காதீர்கள். ஈரவிரல் பட்ட கறையிலிருந்து அவள் ஒரு புருஷனை உண்டாக்கினாள். அவள் கண்ணீரைத் துடைத்ததிலிருந்து நான் அவளையும் அந்த வீட்டையும் உண்டாக்கினேன். இனி உங்கள் முறை. அவள் கதவருகே நிற்கிறாள், ஒரு கால் வெளியே. நான் ஸனல் இல்லை, பக்கத்தைத் தள்ளமாட்டேன். கடைசி இரண்டு வரியை நீங்கள் படித்து முடிக்கும்வரை காத்திருக்கிறேன். பின்பக்கமிருந்து விலாசினி கூப்பிடுகிறாள்:

"பிரசீதே, இது நின்னுபோச்சு.

கொஞ்சம் பார்த்துக் குடுத்துட்டுப் போ."