பின் கேட்

"பில்லு இன்னா காத்துலயா பறந்து போவும்? நீதான் எடுத்து..."

"அக்கா, அப்பாவ நடுவுல வச்சிக்கினு இப்ப இதெல்லாம்..."

"...எடுத்து மறைச்சிக்கினே. அவரு வாயாலயே சொன்னாரு."

"...பேசணுமா?"

ஃப்ரீசர் பெட்டிக்கு அந்தப் பக்கம் ரஞ்சனி, இந்தப் பக்கம் தம்பி புருஷோத்தமன். நடுவில் பாண்டுரங்கன், மூக்கில் பஞ்சோடு. நேற்றுக் காலை பால் வாங்கி வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே சாய்ந்துவிட்டார். சாவு வீடென்றும் பாராமல் இன்று அவருடைய போன் அடித்தது. ரஞ்சனி எடுத்தாள். கிரெடிட் கார்டுக்கு லேட் ஃபீஸ் பாக்கி என்றான் ஒருவன்.

அந்தக் கார்டு புருஷோத்தமன் பார்த்த வேலை. கம்பெனி கேண்டீன் வாசலில் கார்டு விற்றவனை வீட்டுக்கே கூட்டிவந்து அப்பாவிடம் கையெழுத்து வாங்கினான். பாண்டுரங்கன் அதில் ஒரு தண்ணீர் மோட்டார் வாங்கினார். பில் வந்தால் கட்டலாம் என்று காத்திருந்தார். பில் வரவில்லை. அபராதம் வந்தது, அபராதத்துக்கு வட்டியும் வந்தது. கேட்டால் அனுப்பியாச்சு சார் என்றார்கள். போனில் வந்த மெசேஜை அவர் தொடமாட்டார். லிங்க்கை அமுக்கினால் இருப்பதையும் உருவிவிடுவான் என்று மிரட்டி வைத்திருந்தவனும் மகன்தான். ஆப்பில் காட்டுகிறேன் என்று அவன் உட்கார்ந்தபோது, "நீ காட்டுற பில்லு எனக்கு வாணாம். காயிதம் வரட்டும்" என்று எழுந்துவிட்டார். வாங்கிக் கொடுத்தவனே தேய்க்கிறான், பில்லையும் அவனே அமுக்குகிறான் என்பது அவர் முடிவு. ஆடியிலிருந்து மகனோடு பேச்சில்லை.

"நீயாவது சொல்லும்மா. நான் எடுப்பனா?"

"இன்னாத்த சொல்றது" என்றாள் பாப்பம்மாள். பெட்டிக் கண்ணாடியில் படிந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். அக்காவின் கத்தலைவிட அதுதான் அவனை அறுத்தது.

பாதி வழியில் பாடையை இறக்கித் திருப்பித் தூக்குவது அந்த ஊர் வழக்கம். பெண்கள் வருவதும் அதுவரைதான். அந்த இடத்துக்கு எதிரேதான் அவர்களுடைய பழைய வீடு இருந்தது. நிலம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போன பிறகு அங்கே நிற்பது புருஷோத்தமன் வேலை செய்யும் கம்பெனியின் பின் கேட். ஷிப்ட் பஸ்ஸில் முன் கேட் வழியாகப் போய் வருகிற அவனுக்கு இந்தப் பக்கம் ஒருநாளும் வேலை இருந்ததில்லை.

பாடையை அங்கே இறக்கினார்கள். பறை நின்றது. கேட்டிலிருந்து செக்யூரிட்டி சாம்சன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். கையில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு கவர்.

"போஸ்டர்ல பேரு பார்த்தேன். இவரு பேருக்குத்தான் மாசாமாசம் கொரியர்காரன் போட்டுட்டுப் போறான். இப்படி ஒரு ஆளே இங்க இல்லைன்னுட்டாங்க ஆபீஸ்ல. தூர எறிய மனசு வரல." பிறகு புருஷோத்தமனை உற்றுப் பார்த்தார். "நீ நம்ம ஸ்டோர்ஸ் தம்பிதானே? உங்க அப்பாவா?"

கார்டுக்குக் கொடுத்த ஆதாரில் இன்னும் இடித்த வீட்டு விலாசம்தான். மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. தபால்காரருக்கு ஊரே தெரியும். எந்த விலாசத்துக்கு வந்தாலும் புது வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். கார்டும் அப்படித்தான் வந்தது. கொரியர்காரனுக்கு விலாசம் மட்டுந்தான் தெரியும்.

புருஷோத்தமன் தீச்சட்டியைத் தரையில் வைத்தான். கவர்க் கட்டை வாங்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினான்.

"பாரும்மா. ஒண்ணுகூட பிரிக்கல. எல்லாம் இங்கியே கெடந்துகீது."

பாப்பம்மாள் கவர்களைத் தொடவில்லை. கேட்டின் மேலிருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்தாள். மகனுடைய வேலைச் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் பையில் பார்க்கிற அதே பெயர். பங்காளிகள் பாடையைத் திருப்பித் தூக்கும்போது அவனைக் கேட்டாள்.

"நீ தெனமும் வேலைக்கு வர்ற எடம் இதுதானடா?"