திருப்பிச் சொன்னால்தான் எழுதுவேன்

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. மரத்தை அளப்பவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். என் கணவர் அளப்பவர், நான் எழுதுபவள். முப்பது வருடமாக இப்படித்தான். பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. இவர் "இன்னிக்கு லேட்டாகும்" என்பார். நான் "இன்னிக்கு லேட்டாகும்" என்பேன். கல்யாணமான புதிதில் என் தங்கை வந்து ஒரு வாரம் இருந்துவிட்டு, "அக்கா, நீங்க குடும்பம் நடத்துறீங்களா, ஒயர்லெஸ்ல பேசிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

நாங்கள் அளப்பது ஒரு காட்டை. முதல் தடவை போனபோது அதைக் காடு என்று சொன்னால் காடே சிரித்திருக்கும். யாரோ பழைய காட்டை எரித்து மாடு மேய விட்டு, கடைசியில் புல்லும் செத்ததும் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்ட மொட்டை நிலம் அது. அப்படியே விட்டால் என்ன ஆகிறது பார்ப்போம் என்று ஆராய்ச்சி நிலையத்து டாக்டரம்மா நான்கு மூலையிலும் கம்பம் நட்டார். மரங்களைப் படித்த டாக்டர். காய்ச்சலுக்கு அவரிடம் போய்ப் பயனில்லை. ஒரு செடி நடக்கூடாது, ஒரு களை பிடுங்கக்கூடாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, நெஞ்சு உயரத்தில் பெயின்ட் கோடு போட்டிருக்கும் இடத்தில், ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் எடுக்க வேண்டும். முதல் தடவை, தீயில் தப்பி நின்ற நாற்பத்து மூன்று மரம், அரை நாளில் முடித்துவிட்டு வந்து தூங்கினோம். இப்போது எழுநூற்றுச் சொச்சம். இரண்டு வாரம் ஆகிறது.

முதலில் வந்த மரங்களுக்கு நான் வைத்த பெயர் அவசரக்காரர்கள். மெத்தென்ற கட்டை, குடை மாதிரி இலை, ஐந்தே வருடத்தில் வீட்டு உயரம். அவற்றின் நிழலில் மெதுவாக முளைத்தவை சோம்பேறிகள். சோம்பேறிகளிலும் மகா சோம்பேறி இருநூற்றுப் பன்னிரண்டாம் மரம். எண் கணக்கில் சேர்ந்த வரிசைப்படி, நிற்கும் இடப்படி அல்ல. எரிந்த அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தது. மூன்றாம் கணக்கெடுப்பில் முப்பது சென்டிமீட்டர். அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு அரை சென்டிமீட்டர், அதற்கு மேல் ஒரு நூல் தராது. இவர் அதைக் கஞ்சன் என்பார். போகும்போதெல்லாம் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போவார். அவ்வளவு பிரியம்.

இன்னொரு விதியும் உண்டு. பழைய நோட்டைக் காட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. பழைய எண் தெரிந்தால் கண் அதையேதான் பார்க்கும் என்பார் டாக்டரம்மா. நாங்கள் கொண்டுபோனதே இல்லை. ஆனால் இவர் தலைக்குள் ஒரு நோட்டு இருந்ததை நான் கவனிக்கவில்லை.

இந்த ஏழாவது கணக்கெடுப்போடு இவருக்கு ஓய்வு. முப்பது வருடக் கணக்கை முழுதாக டாக்டரம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று இரண்டு வருடமாக வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு வருடத்தில் வேறு சிலதும் நடந்தன. கொடியில் காய்ந்த போர்வையைப் பார்த்து "வாங்க சார், உக்காருங்க" என்றார். விளையாடுகிறார் என்று சிரித்தேன். பேப்பரை மூக்கில் ஒட்டிக்கொண்டு படித்தார். எழுத்தைப் பொடியாக்கிவிட்டார்கள் என்று பேப்பர்காரனைத் திட்டினார், நானும் சேர்ந்து திட்டினேன். நான் ஒரு மக்கு.

ஆறாம் நாள் கஞ்சனிடம் வந்தோம். அங்கே மட்டும் வெயில் பளீரென்று விழுந்தது. பக்கத்தில் நின்ற பெரிய அவசரக்காரன் விழுந்து, மேலே வானம் திறந்திருந்தது. இவர் நாடாவைச் சுற்றி, இழுத்துப் பிடித்து, கோட்டில் வைத்து, குனிந்து பார்த்தார்.

"முப்பத்திரெண்டு."

"முப்பத்தி..." என்று என் வாய் தன்பாட்டுக்குத் தொடங்கி நின்றது. எங்கள் நாடாவில் ஒரு பக்கம்தான் எண் இருக்கும். இவர் குனிந்து படித்தது மறுபக்கம். வெள்ளை வெளேரென்று, ஒன்றுமே எழுதாத பக்கம்.

ஆறு நாள். நானூறு மரத்துக்கு மேல். அத்தனையும் இவர் தலையிலிருந்து சொல்ல, நான் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்லி எழுதியிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. கணக்கு பார்க்க அழகாகத்தான் இருக்கும். வாயைத் திறந்தால் இவருக்குக் காடு இல்லை.

"என்னங்க, கண்ணு தெரியலையா?"

"யாருக்கு?"

"நாடாவ திருப்பிப் புடிச்சிருக்கீங்க."

விரலால் நாடாவைத் தடவிக்கொண்டே நின்றார்.

"புரை வந்திருக்காம்," என்றார் பிறகு. "ஆபரேஷன் பண்ணா ஒரு மாசம் காட்டுப் பக்கம் போகக்கூடாதாம். அதுக்குள்ள மழை வந்துடும். ஏழாவது போயிடும். அதான்... எனக்கு இதுங்களைத் தெரியும்டி. ஒவ்வொண்ணும் எவ்வளவு வளரும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

"எங்கிட்டகூடச் சொல்லல."

"சொன்னா நீ எழுத மாட்டியே."

அந்த நேரத்தில் கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று கேட்டால் இரண்டும்தான். நோட்டை அவர் கையில் திணித்தேன். நாடாவைப் பிடுங்கி நானே சுற்றினேன். முப்பது வருடத்தில் முதல் தடவை. எண்ணைப் பார்த்தேன். நம்பாமல் அவிழ்த்து மறுபடி சுற்றினேன்.

"நாப்பத்தாறு," என்றேன்.

"தப்பு. கோட்டுக்குக் கீழ புடிச்சிருப்ப."

"கோட்டு மேலதான் இருக்கு. கோடே வெடிச்சிருக்கு. நீங்க போட்ட பெயின்ட் துண்டு துண்டா பிளந்து கிடக்கு."

"கஞ்சனா? முப்பத்திரெண்டுக்கு மேல போக மாட்டான்."

பேசிப் பயனில்லை என்று நோட்டைத் திரும்ப வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவருடைய இரண்டு கையையும் பிடித்து மரத்தைச் சுற்றி வைத்தேன். போன தடவை நோட்டை மூடியபின் இதே மாதிரி கட்டிப் பார்த்து, விரல்மேல் விரல் ஏறுகிறது என்று கேலி செய்தவர்தான். இப்போது கட்டைவிரலோடு கட்டைவிரல் தொட்டது. அந்தப் பக்கம் விரல்கள் தேடின. எட்டவில்லை. கையை மாற்றி வைத்தார், கன்னத்தைப் பட்டையில் அழுத்திக்கொண்டு எட்டிப் பிடிக்கப் பார்த்தார். எட்டவில்லை.

பிறகு தலையை நிமிர்த்தி, முகத்தில் விழுந்த வெயிலைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார். அவசரக்காரன் போனான், வெளிச்சம் வந்தது, சோம்பேறி எழுந்துவிட்டது. இப்படி ஒருநாள் காடு கைமாறும் என்று டாக்டரம்மா முதல் வருடமே சொன்னார். அதற்காகத்தான் முப்பது வருடம் காத்திருந்தோம். அது வந்தபோது இவர் முப்பத்திரண்டு என்று சொல்லி மூடப் பார்த்திருக்கிறார்.

"டேய், கஞ்சப்பயலே," என்றார் மரத்திடம். "எனக்குத் தெரியாம என்னடா பண்ணிட்டு இருந்த?"

நான் பேனாவை எடுத்தேன். "நாப்பத்தாறு," என்றேன் மறுபடி. "திருப்பிச் சொன்னாத்தான் எழுதுவேன்."

அவர் சொல்லவில்லை. அதைச் சொன்னால் அளப்பவர் நான் என்று ஆகிவிடும். எனக்கும் அது தெரியும். நானூறு மரத்தை மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டும், அவரே டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொல்ல வேண்டும். எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குப் பின்னால் நின்றன. நான் காத்திருந்தேன். இந்தக் காட்டில் காத்திருக்க மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

மரத்திலிருந்து ஒரு கையை எடுத்து, தடவித் தடவி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நாப்பத்தாறு," என்றார்.

எழுதினேன். அந்த ஆறு நாளில் அவர் சொல்லி நான் எழுதிய எண்களையெல்லாம் பக்கத்துக்கு ஒரு கோடாக அடித்தேன். ஒன்றாம் எண் மரத்தை நோக்கித் திரும்பி நடந்தோம். வழியில் வேர் இருந்தது.

"வேர் இருக்கு," என்றேன்.

"வேர் இருக்கு," என்று சொல்லிவிட்டுக் காலைத் தூக்கி வைத்தார்.