முக்காடிட்ட சூரியகாந்தி

விடியலில் செய்தால்தான் அந்த வேலை ஆகும். வெயில் ஏறிவிட்டால் சூரியகாந்தியின் மகரந்தம் அதே பூவில் உதிர்ந்துவிடும். அப்புறம் கலப்பினமாவது ஒன்றாவது. அதனால் கல்கத்தா கிடர்பூரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, ஜாதவ்பூருக்குத் தெற்கே மல்லிக் பாபுவின் விதைப் பண்ணையில் பனி சொட்டும் செடிகளுக்கிடையே நின்றாள் அருக்காணி. தட்டுப் போன்ற பூவில் விளிம்பிலிருந்து உள்ளே, நாளுக்கொரு வளையமாகச் சிறுபூக்கள் மலரும். அன்றைய வளையத்தின் மகரந்தக் குழல்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கவேண்டும். பிறகு தேனீ மூக்கை நுழைக்காதபடி துணிப்பை மாட்டிக் கட்டவேண்டும். கழுத்து கல்லாகும். விரலில் ஒட்டிய பிசின் சோற்றிலும் கசக்கும்.

மேலாளர் ராகவேந்திரன் லேக் கார்டன்ஸ் தமிழர். கல்கத்தாவில் தமிழ் கேட்டால் உருகிப்போகிறவர்களாகப் பார்த்து வேலைக்குச் சேர்ப்பதில் சமர்த்தர். மகரந்தமே இல்லாத ரகம் ஒன்று பண்ணையில் உருவாகிக்கொண்டிருந்தது. "அது தேறட்டும் அருக்காணி, நம்ம பொம்பளைங்க எல்லாருக்கும் வேலை நிரந்தரம்" என்றிருந்தார். 'நம்ம' என்ற சொல்லைக் கோயில் பிரசாதம்போல் உள்ளங்கையில் வைப்பார். போன வருஷம் கூட வேலைசெய்யும் மினதியும் மற்ற வங்காளிப் பெண்களும் நிரந்தரம் கேட்டு வாசலில் உட்கார்ந்தபோது, அருக்காணி தமிழ்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டி உள்ளே போனாள். நம்ம ஆள் சொல்லியிருக்கிறாரே. வேலைநிறுத்தம் பிசுபிசுத்தது.

ரகம் தேறியது. அதை வெளியிடும் விழாவுக்கு முந்தின நாள் மல்லிக் பாபு எல்லாப் பெண்களையும் நிறுத்திவைத்து, விஞ்ஞானம் ஏழைக்குச் செய்யும் சேவையைப் பற்றி நீளமாகப் பேசினார். பேச்சின் வாலில் விஷயம் இருந்தது. மகரந்தமே இல்லாத பூவில் பிடுங்க ஒன்றுமில்லை; இனி இடுக்கி வேலை கிடையாது. நாளைக்குத் தோரணம் கட்டிவிட்டுப் போய்விடலாம்.

"பக்கத்து வரிசை மகரந்தத்தைக் கொண்டுவரத் தேனீ இருக்கிறது. தேனீ கூலி கேட்பதில்லை" என்று முடித்தார். தாமே கைதட்டியும் கொண்டார்.

அருக்காணி ராகவேந்திரனைப் பார்த்தாள். அவர் ஒரு பூவை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"நிரந்தரம்னு சொன்னீங்களே சார்?"

"மேனேஜ்மென்ட் டிசிஷன்மா."

"தமிழ்ல சொல்லுங்க சார். வாக்குக் குடுத்தது தமிழ்லதானுங்களே."

அன்று மாலை பண்ணை வாசலில் மினதியை நிறுத்தி, தனக்குத் தெரிந்த வங்காளத்தில், "தீதி, போன வருஷம் உங்களைத் தாண்டிப் போனவ நான்" என்றாள்.

"தெரியும். கூலி போய் என் அடுப்பு அணைஞ்சதும் அதனாலதான்" என்றாள் மினதி. போகத் திரும்பியவள் நின்றாள். "நாளைக்கு எத்தனை பேரைக் கூட்டி வருவே?"

"எல்லாரையும்."

மறுநாள் தோரணம் கட்ட வந்த கைகள் கொட்டகையில் கிடந்த துணிப்பைகளை எடுத்தன. வெயில் ஏறுவதற்குள் பை மாட்டாத பூ ஒன்றுகூடப் பாக்கியில்லை. மஞ்சள் கடலைக் காட்டுவதாக விருந்தினரை அழைத்து வந்த மல்லிக் பாபு காட்டியது, பல்வலிக்குத் துணி கட்டிக்கொண்ட பெருங்கூட்டத்தை. "இந்த ரகம் வெள்ளையாகப் பூக்குமோ?" என்று ஓர் அதிகாரி மரியாதையாகக் கேட்டார். கூலி கேட்காத தேனீக்கள் பைகளில் மோதிச் சலித்து, மல்லிக் பாபுவின் கழுத்து மாலையைச் சுற்றின.

"பையை அவிழுங்கள்!"

"வேலை இல்லைன்னு நேத்தே சொல்லிட்டீங்களே, பாபு" என்றாள் மினதி.

பெண்கள் வரிசைகளுக்கிடையே கைகோத்து உட்கார்ந்தார்கள். மகரந்தம் சேராத பூ சில நாள்தான் தாங்கும். பிறகு விதை பதராகிவிடும். அது பாபுவுக்கும் தெரியும். அதற்குள் போலீஸ் வரலாம், வேறு ஆட்கள் வரலாம். மினதி முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பொரியை நீட்டினாள். அருக்காணி பிசின் விரல்களால் அள்ளினாள். கசந்தது. பக்கத்திலிருந்தவளுக்கும் கொடுத்தாள்.

ராகவேந்திரன் குனிந்து தமிழில் குரலைத் தழைத்தார். "அருக்காணி, எழுந்து வா. நம்ம ஆளுங்களுக்கு மட்டும் ஏதாவது வழி பண்றேன். நமக்குள்ள பேசிக்கலாம்."

அருக்காணி எழுந்திருக்கவில்லை. வரிசை முழுக்கக் கேட்கும்படி, வங்காளத்தில் பதில் சொன்னாள்:

"நம்ம ஆளுங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க சார். அவங்களுக்கும் புரியற மாதிரி சொல்லுங்க."