ஆறாம் நம்பர் ஒயர்

ஆறாம் நம்பர் திருகைத் தளர்த்துவதற்குள் எலக்ட்ரீஷியன் நிலவழகனின் கையில் ஸ்க்ரூடிரைவர் மூன்று முறை வழுக்கிவிட்டது. மணி ஒன்றரை. மூன்று மணிக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார். அதற்குள் கீரமங்கலத்தை அடுத்த அந்த மட்டை மில்லின் கன்ட்ரோல் பேனலில் பழைய இன்புட் மாட்யூலைக் கழற்றிப் புதியதை மாட்டி, பதினாறு ஒயர்களையும் அதில் சேர்த்துவிட வேண்டும். பதினைந்து ஒயர்கள் யோக்கியமானவை. ஆறாவதில்தான் வினை.

தேங்காய் மட்டையை அடித்து நார் பிரிக்கும் டிரம்முக்கு ஓர் இரும்புக் கதவு உண்டு. அது மூடியிருந்தால், கதவிலுள்ள சென்சார் ஆறாம் நம்பர் ஒயர் வழியாக, பேனலிலிருந்து மெஷினை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டரான பிஎல்சிக்குச் சேதி சொல்லும். சேதி நின்றால் பிஎல்சி மெஷினை நிறுத்திவிடும். ஐந்து வாரத்துக்கு முன்பு கதவு மூடியிருந்தும் சேதி வரவில்லை. மெஷின் ஓடமாட்டேன் என்று அடம்பிடித்தது. சென்சார் போய்விட்டது, புதுசு வாங்க வேண்டும் என்றான் நிலவழகன். வாசலில் லாரி நிற்கிறது என்று முதலாளி ரெங்கராஜ் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். கழற்றிக்கூடப் பார்க்காமல், நிலவழகன் இருந்த ஒயரோடு ஒரு சிவப்புத் துண்டு ஒயரையும் செருகி, நேராகக் கரண்டைக் கொடுத்துவிட்டான். கதவு திறந்து கிடந்தாலும் மூடியிருப்பதாகவே மெஷின் நம்பும். சென்சார் வரும்வரைதானே என்று நினைத்தான். அது வரவே இல்லை. இரண்டு தடவை கேட்டான், பிறகு மறந்தும் போனான். போன செவ்வாய்க்கிழமை, சிக்கிய நாரை எடுக்கக் கதவைத் திறந்த மில் கூலியாள் முத்துமாரியம்மாளின் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

"சென்சாருதான் வரல, மாட்யூல மாத்தியாவது ஓட்டிப் பாரு. அந்தச் செவப்பு ஒயரத் தூரப் போடு" என்றார் பின்னால் நின்ற ரெங்கராஜ். "கதவத் தொறந்தா மெஷினு நிக்கிதுன்னு காட்டிட்டா போதும். அந்தம்மா அவசரப்பட்டுக் கைய வுட்டுருச்சுன்னு முடிஞ்சுரும். இல்லைன்னா ரெண்டு பேரும் உள்ளதான்."

ஜெயில் என்று நினைத்ததுமே நிலவழகனுக்குத் தன் கைக்குழந்தை பிளெஸ்ஸியின் முகம் வந்து நின்றது. சிவப்பு ஒயரை உருவிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான்.

பிறகு பழைய ஒயரின் நுனியைப் பார்த்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தோலைச் சரியாகச் சீவவில்லை. மஞ்சள் தோலின் மேலேயே திருகு அழுத்திய தடம். ஓரத்தில் ஒட்டியிருந்த ஓரிரு செம்பு இழைகள்தான் இத்தனை நாள் தாக்குப்பிடித்து, டிரம்மின் அதிர்வில் அறுந்திருக்கின்றன. இந்தப் பேனலுக்கு ஒயர் கொடுத்தவன் வேறு யாருமில்லை, அவனேதான்.

சீவினான். புது மாட்யூலில் செருகி முறுக்கிக் கரண்டைப் போட்டான். ஆறாம் நம்பர் பச்சை விளக்கு எரிந்தது. கதவைத் திறந்தால் அணைந்தது, மூடினால் எரிந்தது. சென்சாருக்கு ஒரு கேடும் இல்லை. இரண்டு நிமிட வேலை. பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அப்போதுதான் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து முத்துமாரியம்மாள் போனில் வந்தாள்.

"தம்பி, ஆபீசரு காலையில இங்கிட்டு வந்து எழுதிக்கிட்டுப் போனாங்க. நீங்க பயப்படாதீங்க. கதவத் தொறந்தா நின்னுரும்னு நீங்க சொல்லித்தானே குடுத்தீங்க? அது நிக்கிறதுக்குள்ள நான்தான் பொறுக்காமக் கைய வுட்டுட்டேன். என் தப்புதான்னு சொல்லிட்டேன்."

"அக்கா..." என்றான்.

மூன்று மணிக்கு ஆய்வாளர் கலைமதி வந்தார். மெஷினை ஓடவிட்டுக் கதவைத் திறந்து காட்டச் சொன்னார். நிலவழகன் திறந்தான். டிரம் தளர்ந்து நின்றது.

"எப்பவும் இப்படித்தான் நிக்குமா?"

"எப்பவும் நிக்கும் மேடம்" என்றார் ரெங்கராஜ். "அந்தம்மாவே ஒத்துக்கிருச்சே."

கலைமதி பேனாவைத் திறந்தார். நிலவழகன் கரண்டை அணைத்தான். பேனலுக்குள் குனிந்து, சட்டைப்பையிலிருந்த சிவப்பு ஒயரை ஆறாம் நம்பரில் செருகி முறுக்கினான்.

"டேய், என்னடா பண்ற?"

கதவைச் சாத்தி மெஷினை ஓடவிட்டான். "தள்ளி நில்லுங்க மேடம்" என்ற தன் குரல் அவனுக்கே யாருடையதோபோல் கேட்டது. கதவை அகலத் திறந்தான்.

டிரம் நிற்கவில்லை. நார்த்தூசி வெளியே கொட்டி, கலைமதியின் வெள்ளைத் தாளில் படிந்தது. திறந்த கதவுக்குள் இரும்புப் பற்கள் வெறுங்காற்றை அடித்துக்கொண்டே இருந்தன.