ஆறாம் மாடிக்குத் தகரம் போட்ட பூரணி

2017 ஒக்டோபரில் பூரணி வீடு வாங்கிச் சாவி எடுத்த நாளிலிருந்து, பாரிஸின் லா சப்பலில் அந்தக் கட்டடத்தின் ஆறாம் மாடி கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் மீற்றர் உயரத்தில் இருந்தது. ஐந்தாம் மாடி பாரிஸில்தான் இருந்தது. தரைத்தளத்தில் ஸ்ரீஸ்கந்தராசாவின் பலசரக்குக் கடையில் முருங்கைக்காய் வெக்கையில் வாடிக்கிடந்த யூலை மாதத்திலும் ஆறாம் மாடி ஜன்னல்களுக்கு வெளியே பனி கொட்டியது. கொட்டிய பனி ஐந்தாம் மாடி ஜன்னல் வரை வந்து காற்றிலேயே இல்லாமல் போனது. வானிலை நிலையத்திலிருந்து ஒருவர் கருவிகளோடு ஏறி, மூன்று நாள் அளந்துபார்த்து, அந்த உயரத்துக்கு அந்தக் குளிர் இயல்பானதே என்று எழுதிக் கையொப்பமிட்டுப் போனார். மஞ்சள் அலகுள்ள மலைக் காகங்கள் புகைபோக்கியில் குடியேறின. பதிவுத் தபால் கொண்டுவருபவர் நான்காம் மாடியில் நின்று கையுறை போடப் பழகிக்கொண்டார்.

பூரணிக்கு அப்போது நாற்பத்துநான்கு வயது. றுவாசி விமான நிலையத்தில், புறப்படப்போகும் விமானங்களின் இறக்கைகளிலிருந்து பனி நீக்கும் வண்டியில் அவளுக்கு வேலை. நீண்ட இரும்புக் கையின் நுனியிலுள்ள கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தபடி, சூடான திரவத்தைப் பீச்சி இறக்கையைக் கழுவிவிடுவாள். பனி எந்த உலோகத்தில் வழுக்கும், எந்த இடுக்கில் பிடித்துக்கொண்டு போகமாட்டேன் என்று நிற்கும் என்பதெல்லாம் பதினொரு வருடத்தில் அவளுடைய கைக்குத் தெரிந்திருந்தது. ஆனால் வீட்டுக் கூரையைப்பற்றி அவள் அதுவரை யோசித்ததில்லை. பிரான்சுக்கு வந்த நாள் முதல் அவள் இருந்த அறைகளெல்லாம் யாரோ ஒருவருடையவை. கூரையும் அவர்கள் பாடு.

கணவன் ஐங்கரன் முதல் வருடத்தை ஒருமாதிரிச் சமாளித்தான். இரண்டாம் வருடம் மே மாதத்தில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்த அன்று, கூசேன்வில்லில் இருக்கும் தமையன் வீட்டுக்குப் பெட்டி கட்டினான். அவளையும் வரச்சொன்னான். அங்கே ஒரு அறை சும்மா கிடக்கிறது, வேலைக்கும் கிட்ட என்றான். பூரணி உடைந்த குழாயில் துணி சுற்றிக்கொண்டே பதில் சொன்னாள்.

“நான் பன்னிரண்டு தரம் வீடு மாறினனான். இனி மாறவேணுமெண்டால் குளிர் மாறட்டும்.”

ஐங்கரன் போனான். கோபித்துக்கொண்டு போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தடித்த கோட்டோடு வந்து, ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் சாப்பிட்டுவிட்டு, காது சிவக்கத் திரும்பிப் போவான். ஐந்து வருடம் அப்படித்தான் நடந்தது.

உண்மையான கரைச்சல் கூரையில் இருந்தது. அது நூறு வருடப் பழைய ஓட்டுக் கூரை, பாரிஸ் மழைக்கென்று போட்டது. உருகிய பனி ஓட்டின் துளைகளுக்குள் இறங்கி, மீண்டும் உறைந்து, உள்ளிருந்தே ஓட்டைப் பிளந்தது. காலையில் எழுந்தால் படுக்கையைச் சுற்றி ஓட்டுத் துண்டுகளும் ஒரு சாண் பனியும் கிடந்தன. பிளவுகளால் உள்ளே வந்த குளிர் வீட்டோடு நிற்காமல் படிக்கட்டால் இறங்கத் தொடங்கியது. மூன்றாம் மாடியில் எமில் இருந்தார். புதுச்சேரிக்காரர், தபால் இலாகாவில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கட்டட உரிமையாளர் குழுவின் தலைவர். அவர் ஒவ்வொரு மாதமும் முதல் திகதியில் ஒரு வெண்கட்டியோடு வந்து, மூச்சு புகையாகத் தெரியும் படியில் கோடு போட்டுத் திகதி எழுதினார். 2021 மார்ச்சில் கோடு அவருடைய வாசலுக்கு இரண்டு படி மேலே நின்றது.

அந்த வருடக் கூட்டம் ஸ்ரீஸ்கந்தராசாவின் கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவே நடந்தது. கட்டடத்தை நிர்வகிக்கும் சிண்டிக்கிலிருந்து வந்தவர் தீர்மானத்தை வாசித்தார். ஆறாம் மாடியை இடித்துவிட்டு ஐந்தாம் மாடிக்கு மேல் மட்டமான கொங்கிறீட் போடுவது, பூரணி வேறு இடம் பார்த்துக்கொள்வது. பூரணி எழுந்து, இடிக்கவேண்டாம், கூரையை மாற்றினால் குளிர் மேலேயே நிற்கும், மலை ஊர்களில் போடுவதுபோல உலோகத் தகடு போடலாம் என்று நிதானமாக விளக்கினாள். எமில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தகரக் கொட்டகை போட்டால் பனி வழுக்கி, வழியில் கரைய நேரமில்லாமல் மொத்தமாகத் தெருவில் விழும், ஓகஸ்டில் பிள்ளையார் கோயில் தேர் அந்த மூலையில்தான் திரும்புகிறது, கீழே சனம் நிற்கும் என்றார். அது நியாயமான பேச்சு. அதோடு விட்டிருக்கலாம்.

“நீங்க வந்த நாள்லேர்ந்துதான் இது ஆரம்பிச்சுது, மதாம். இந்தக் குளிரை நீங்கதான் கொண்டு வந்தீங்க” என்றார் எமில்.

எல்லாரும் நாலு வருடமாக நினைத்ததுதான். பூரணி இந்த நாட்டில் எத்தனையோ அலுவலகக் கவுண்டர்களில் வேறு சொற்களில் கேட்ட குற்றச்சாட்டு அது. ஒவ்வொரு தரமும் இல்லை, இல்லை என்று சொல்லிக் கடதாசி நீட்டியிருக்கிறாள். அன்றைக்கு நீட்டவில்லை.

“கொண்டு வந்தனானெண்டே வையுங்கோ, முசியே எமில். வந்தாச்சு. இனி அதுக்கொரு கூரை வேணும்.”

கூரை மாற்றும் வாக்கெடுப்பில் அவள் தோற்றாள், இடிக்கும் தீர்மானம் காசு சேராமல் தள்ளிப்போனது. அடுத்த வருடமும் தோற்றாள். ஸ்ரீஸ்கந்தராசா இரண்டு தரமும் கையைப் பாதி உயர்த்திவிட்டு, மூக்கைச் சொறிவதுபோல் இறக்கிக்கொண்டார்.

தோற்ற பிறகுதான் அவள் கூரை தேடத் தொடங்கினாள். பாரிஸ் கூரை வேலைக்காரர்கள் இருவர் வந்து, இந்த நகரத்தில் கூரை என்றால் துத்தநாகம்தான் என்றார்கள். ஒருவர் மாதிரித் தகட்டை ஆறாம் மாடியில் வைத்து மடித்தபோது அது பிஸ்கட்போல வெடித்தது. கடும் குளிரில் துத்தநாகம் மடியாது என்பதை அவர் படித்திருந்தார், பார்த்ததில்லை. இன்னொருவர் நெளிவுத் தகடு கொண்டுவந்து, மேலே திருகாணி அடித்தால் ஒரே நாளில் முடியும் என்றார். பூரணி அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள். வெயிலில் நீண்டு குளிரில் சுருங்கும் தகடு திருகாணியை மெல்ல மெல்லக் கிளப்பிவிடும் என்பதும், துளை இருக்கும் இடத்தில்தான் பனிக்கட்டி முதலில் பல் பதிக்கும் என்பதும் அவளுக்கு இறக்கைகளில் கண்ட பாடம்.

கடைசியில் சவுவா மலைப்பக்கத்திலிருந்து ஆனைஸ் என்ற கூரைக்காரி வந்தாள். முப்பது வயதிருக்கும். நான்காம் மாடியில் மேற்சட்டையின் சிப்பை இழுத்து மூடினாள், ஐந்தாம் மாடியில் தொப்பி போட்டாள், ஆறாம் மாடி ஜன்னலால் தலையை நீட்டிப் பார்த்து, தன் ஊரைவிட இங்கே காற்று வீசுவது குறைவு என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இருவரும் இரண்டு ஞாயிறு இருந்து கூரையைத் தெரிவு செய்தார்கள். வர்ணம் பூசிய உருக்குத் தகடு, முகட்டிலிருந்து தாழ்வாரம் வரை ஒரே துண்டாக. தகடும் தகடும் சேரும் இடத்தில் விளிம்பை நிமிர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாக மடிப்பது, மேலே ஒரு துளையும் இல்லை. கீழே மறைந்திருக்கும் கொளுக்கிகள் தகட்டை நீளவும் சுருங்கவும் விடும். தகட்டுக்குக் கீழே காற்றோட ஒரு இடைவெளி, அதற்கும் கீழே தடித்த கம்பளி அடுக்கு. அப்போதுதான் வீட்டுச் சூடு பனியைக் கீழிருந்து உருக்கித் தாழ்வாரத்தில் கட்டியாக்காது. சரிவை இன்னும் கொஞ்சம் கூட்டவேண்டும். பனி ஒரேயடியாக இறங்காமல் குறுக்கே மூன்று வரிசை இரும்புக் கம்பி. எமில் சொன்னது நியாயம் என்பதால் பூரணி நான்காவது வரிசையும் கேட்டாள்.

2023 யூலையில், யாரிடமும் கேட்காமல், ஒன்பது நாளில் போட்டார்கள். கீழே சனம் அரைக்கைச் சட்டையோடு ஐஸ்கிறீம் தின்றபடி அண்ணாந்து பார்க்க, மேலே இரண்டு பெண்கள் கம்பளித் தொப்பியோடு பனியைத் தள்ளி ஓட்டைக் கழற்றினார்கள். ஐங்கரன் விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து கயிறு பிடித்தான். சிண்டிக் பதிவுத் தபால்கள் அனுப்பியது. பூரணி ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில் பதில் எழுதினாள்: ஏறி வந்து பாருங்கள்.

ஓகஸ்ட் கடைசி ஞாயிறன்று தேர் பஜோல் தெருவிலிருந்து புறப்பட்டு அந்த மூலைக்கு வந்தபோது, கூரையில் ஒன்றரை மீற்றர் பனி இருந்தது. கைகூப்பி நின்ற சனம் பிள்ளையாரைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தது. தவில் உச்சத்துக்குப் போனபோது பனி முழுதும் ஒரு பெருமூச்சோடு அசைந்தது. தாழ்வாரத்தை ஒட்டிய ஜன்னலில் நின்ற பூரணி கம்பிகளைப் பார்த்தாள். பனி முதல் கம்பியில் மோதி, இரண்டாவதில் இறுகி, ஒரு சாண் இறங்கி நின்றது. நான்காவது கம்பிக்கு வேலை இருக்கவில்லை. தேர் திரும்பிப் போனது. தேங்காய் உடைத்த கையோடு ஸ்ரீஸ்கந்தராசா மேலே பார்த்து, “தங்கச்சி, அடுத்த கூட்டத்திலை நான் கையை முழுசா உயர்த்துறன்” என்று கத்தினார்.

சிண்டிக் போட்ட வழக்கில் நீதிமன்றம் அனுப்பிய நிபுணர் நவம்பரில் சப்பாத்தோடு ஏறி, வழுக்கி விழுந்து, ஐங்கரனின் பழைய பூட்சை வாங்கிப் போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் கூரையில் இருந்தார். அந்த உயரத்துக்கு அந்தக் கூரை விதிகளின்படியே உள்ளது, பாரிஸ் விதிகள் அங்கே பொருந்தா என்று எழுதிக்கொடுத்தார். வழக்கு முடிந்தது. குளிர் அதற்குள் ஒவ்வொரு படியாக ஏறி, பூரணியின் கதவுக்கு உள்ளே போய்விட்டிருந்தது. ஐங்கரனின் பெட்டியும் ஒருநாள் திரும்பி வந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை, அலுமாரியில் ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்தாள்.

போன வருடக் கோடையில் பாரிஸில் சூடு நாற்பதைத் தொட்ட கிழமை, எமில் கம்பளிக் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் நின்று இளைப்பாறி ஏறிவந்தார். கீழே மூச்சு விட முடியவில்லை, கொஞ்ச நேரம் உட்காரலாமா என்று கேட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. பூரணி கதவைப் பாதி திறந்தபடி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பனி வாரும் தகரச் சவளை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

“ஓம், இருக்கலாம். ஆனா பல்கணியை வழிச்சுப்போட்டுத்தான் உள்ளுக்கை வரவேணும். இஞ்சை எல்லாருக்கும் அதுதான் முறை.”

எமில் கோட்டைப் போட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். எண்பத்தொரு வயதில் முதல்தடவையாகப் பனி வாரினார். முக்கால் மணித்தியாலம் எடுத்தது. ஓரங்களை அவர் சரியாக வழிக்கவில்லை என்று பூரணி இன்னொரு தரம் அனுப்பினாள்.